முன்னேற்பாடும் தவக்குலும்

 

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான், ஹஜ்ரத்!" அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கிற சொல் இது. சொல்லில் குற்றமில்லை. ஈமானின் சாரமே அதுதான். ஆனால் அது எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். மழை பெய்து, வெள்ளாமை வீடு வந்து, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணமும் கைக்கு வந்திருக்கிற மாதத்தில், "வருகிற வருஷத்துக்கு என்ன ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் இந்தப் பதில் வருகிறது. மழை பொய்த்த மாதத்திலோ, அதே மனிதர் வட்டிக்கடை வாசலில் நிற்கிறார். அங்கே போகும்போது, அல்லாஹ் பார்த்துக் கொள்வான் என்று அவர் சொல்வதில்லை!

நம் பூமி எப்படிப்பட்டது என்பதை இங்குள்ளவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் விழ வேண்டும். அது விழாவிட்டால் கரிசல் வெடித்துக் கிடக்கும். குண்டாறு வெறும் மணலாகக் கிடக்கும். 2016ஆம் ஆண்டில் அப்பருவம் அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின் பேரை இன்றும் பெரியவர்கள் வாயில் கேட்கலாம். இப்படிப்பட்ட சீமையில் வாழ்கிறவனுக்கு, "இது நின்றால் எது? அதுவும் நின்றால் எது?" என்ற கேள்வி பேராசைக்காரனின் கேள்வியாகாது. அது குடும்பக் கடமை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவர்கள் நபிமார்கள். திருக்குர்ஆனில் யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதுகிறோம். மிஸ்ரு நாட்டு மன்னன் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்டுச் சிறைச்சாலைக்கு ஆள் வந்தான். அவன் கேட்டது விளக்கம் மட்டுமே. யூஸுப் (அலை) அவர்களோ விளக்கத்துடன் திட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு வருஷங்கள் இடைவிடாது பயிர் செய்யுங்கள். அறுத்ததைக் கதிரோடு விட்டு வையுங்கள். உண்பதற்குக் கொஞ்சம் மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். அடுத்து வரும் ஏழு பஞ்ச வருஷங்கள் அந்தச் சேமிப்பைத் தின்று தீர்த்துவிடும். ஆனாலும் கொஞ்சம் காத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதே அவர்கள் சொன்னதன் கருத்து. காத்து வைக்கும் அந்தக் கொஞ்சம் விதைக்கானது என்று முபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

இதில் எத்தனை அடுக்கு இருக்கிறது, பாருங்கள்! இன்றைக்கு உண்பது ஒன்று. பஞ்சத்துக்கு இருப்பது ஒன்று. பஞ்சத்திலும் தொடக்கூடாதது ஒன்று. பசியால் துடிக்கிற வருஷத்திலும் விதைத் தானியத்தில் கை வைக்காதவன்தான் எட்டாவது வருஷம் உழவனாக இருப்பான். கை வைத்தவன் கூலியாளாகிவிடுவான். நம் கரிசல் நாட்டுப் பெரியவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். குலுக்கையில் கம்பும் சோளமும் வேறு. சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வைத்த விதை வேறு. துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பார்கள். வீட்டுப் பெண்மணியின் அனுமதியில்லாமல் அந்தக் குடுக்கையை யாரும் தொட முடியாது. அந்தக் குலுக்கைகளை உடைத்துத் திண்ணை கட்டியாயிற்று. போகட்டும், மண் குலுக்கைதான் வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாவது அடுக்கு இன்று உங்கள் வீட்டில் எது என்று கேட்கிறோம்.

அதே சூராவில் இன்னொரு தந்தையும் வருகிறார்கள். யஃகூப் (அலை) அவர்கள் தம் மக்கள் பதினொருவரையும் தானியத்துக்காக மிஸ்ருக்கு அனுப்பும்போது, எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழைய வேண்டாம், வெவ்வேறு வாசல்களால் நுழையுங்கள் என்று புத்தி சொன்னார்கள். கண்ணேறுக்கு அஞ்சி என்றும், அந்நிய நாட்டுக் காவலர் சந்தேகிப்பார்களே என்று அஞ்சி என்றும் விரிவுரையாளர்கள் காரணம் கூறுகிறார்கள். காரணம் எதுவாயினும் ஏற்பாடு ஒன்றே: ஒரு வாசலில் ஆபத்து வந்தால் பதினொருவரும் சேர்ந்து போய்விடக் கூடாது. இப்படிச் சொன்ன அதே மூச்சில், அல்லாஹ்வின் நாட்டத்திலிருந்து எதையும் நான் உங்களை விட்டுத் தடுத்துவிட முடியாது, அவன் மீதே நான் பொறுப்புச் சாட்டினேன் என்றும் கூறினார்கள். ஏற்பாடும் தவக்குலும் ஒரே நாவிலிருந்து ஒன்றாக வருகின்றன. இரண்டும் சண்டைக்காரர்கள் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இந்த வாசல் விஷயத்தைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாற்று ஏற்பாடு என்று நாம் நினைத்திருப்பவை பல வேளைகளில் மாற்றே அல்ல. அவையும் அதே வாசல்தான்.

தண்ணீரை எடுத்துக் கொள்வோம். கண்மாய் இருக்கிறது, ஊரணி இருக்கிறது, கிணறு இருக்கிறது, போதாததற்கு ஆழ்துளைக் கிணறும் போட்டாயிற்று. நான்கு இருக்கிறதே என்று நிம்மதி. ஆனால் நான்குக்கும் தாய் ஒரே மழை. இரண்டு பருவம் தொடர்ந்து பொய்த்தால் முதலில் கண்மாய், பிறகு ஊரணி, பிறகு கிணறு, கடைசியில் ஆழ்துளை என்று ஒன்றன்பின் ஒன்றாக வற்றும். சரி, குழாய்த் தண்ணீர் வருகிறதே என்பீர்கள். அருப்புக்கோட்டைக் குழாய்க்கு வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் தண்ணீர் வர வேண்டும். இது உண்மையில் வேறு வாசல்தான். அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த வேண்டிய வாசல். ஆனால் அந்த வாசலுக்கும் தாழ்ப்பாள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே கொட்டிய மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி பெருக்கெடுத்து, ஆற்றோரத்து நீரேற்று நிலையங்கள் பழுதாயின. சுற்றிலும் வெள்ளம், குழாயில் சொட்டுத் தண்ணீரில்லை. பஞ்சத்தால் மட்டுமே குழாய் வறளும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது புதிய பாடம். ஆகவே குழாய் வந்துவிட்டது என்று ஊரணியைக் குப்பைமேடாக்குகிறவர்களும், கண்மாய் வரத்துக்காலை அடைத்து வீடு கட்டுகிறவர்களும் தங்கள் மக்களின் ஒரு வாசலை மூடுகிறார்கள் என்றே சொல்வோம். கலுங்கு தாண்டிய நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்படி முன்னோர் சங்கிலியாக வெட்டி வைத்தார்கள். நம் கண்மாய் நிறைந்தபின் கீழூருக்குப் போக வேண்டிய நீரை மறிப்பது ஹக்குல் இபாதில் சேரும். அந்த மக்கள் மன்னிக்காமல் அது தீராது.

பிழைப்பும் அப்படித்தான். ஒரு வீட்டில் நான்கு பேர் சம்பாதிக்கிறார்கள் என்றால் பாதுகாப்பு என்று தோன்றுகிறது. நால்வரும் ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தால் அது ஒரே சம்பாத்தியம். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டபோது தறி நின்றது, கடை நின்றது, வளைகுடாவில் இருந்தவனுக்கும் வேலை நின்றது. அந்த நாளில் வீட்டுக் கொல்லையில் நான்கு ஆடு இருந்தவளின் அடுப்பு எரிந்தது. வறண்ட பூமியில் ஆடு ஒரு பெரிய ரஹ்மத். மழை பொய்த்தாலும் சீமைக் கருவேலங்காயைத் தின்று உயிர் வாழும். (அந்த மரத்தை எல்லோரும் சபிக்கிறார்கள், நிலத்துக்குக் கேடு என்பதும் சரிதான். ஆனாலும் வெள்ளாமை இல்லாத வருஷத்தில் கரிமூட்டம் போட்டுக் கஞ்சி குடித்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ!) பருத்திக் காட்டில் ஊடே உளுந்தும், வரப்போரம் துவரையும் ஆமணக்கும் போடுகிற நம் சம்சாரிகளும் யஃகூப் (அலை) அவர்களின் அறிவுரைப்படிதான் நடக்கிறார்கள். ஒரு மழை ஒன்றுக்குப் பிந்தினால் இன்னொன்றுக்குப் பொருந்தும்.

ஷரீஅத்தும் இதே வழியில்தான் நம்மை நடத்துகிறது. ஒளுவுக்குத் தண்ணீர் இல்லையென்றால் என்ன செய்வது? இன்னும் கொஞ்சம் குறைந்த தண்ணீர் என்று சொல்லப்படவில்லை. மண் என்று சொல்லப்பட்டது! தண்ணீர் கிடைக்காத இடத்தில் எது நிச்சயம் கிடைக்குமோ அதை அல்லாஹ் மாற்றாக ஆக்கினான். கையிலிருக்கும் தண்ணீர் மனிதருக்கும் கால்நடைக்கும் குடிக்கத் தேவை என்றாலும் தயம்மும் ஆகும். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து, அதுவும் முடியாதவர் படுத்து, சைகையால். ஜும்ஆ தவறினால் லுஹர். 2020இல் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டபோது வீட்டுக்குள் லுஹர் தொழுதோமே! தொழுகை என்ற ஒரு கடமைக்கு இத்தனை மாற்று வைத்தவன், குடும்பம் நடத்துகிறவன் ஒரே கயிற்றில் தொங்குவதை விரும்புவானா?

தவக்குல் என்றால் கயிறே இல்லாமல் தொங்குவது என்று நினைப்பவர்களுக்கு, ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்னும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த ஹதீஸே போதும். அது பழகிப்போன ஹதீஸ். எனவே ஹிஜ்ரத்தைப் பார்ப்போம். இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் தீனி போட்டு வளர்த்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள ஸவ்ரு குகையில் மூன்று இரவு தங்கினார்கள். படுக்கையில் ஹஜ்ரத் அலீ (ரலி). பகலில் மக்காவில் நடப்பதைக் கேட்டு இரவில் வந்து சொல்ல அப்துல்லாஹ் பின் அபீபக்ர் (ரலி). மாலையில் ஆடுகளை ஓட்டி வந்து பால் கொடுக்க ஆமிர் பின் புஹைரா (ரலி). உணவு கட்டிக் கொடுக்க அஸ்மா (ரலி). வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்டவரோ இன்னும் குறைஷிகளின் மார்க்கத்தில் இருந்தவர். பாலைவன வழியை அறிந்தவர், நம்பிக்கையானவர் என்பதே போதுமானதாக இருந்தது. ஒருவர் வேலை மற்றவர் வேலையைச் சார்ந்து நிற்கவில்லை.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் எதிரிகள் குகை வாசலுக்கே வந்துவிட்டார்கள். தங்கள் காலடியைக் குனிந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் தெரிந்துவிடுவார்கள். மனிதத் திட்டம் அத்தனையும் அங்கே முடிந்துவிட்டது. அங்கேதான் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள், கவலைப்படாதீர், அல்லாஹ் நம்முடன் இருக்கிறான் என்று தம் தோழரைத் தேற்றினார்கள். அந்த அமைதி திட்டத்தைப் பார்த்து வந்ததல்ல. திட்டத்தை விட்டதாலும் வந்ததல்ல.

கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒரு கரை பசுமையாகவும் ஒரு கரை வறண்டும் உள்ள பள்ளத்தாக்கில் உம் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது கத்ருப்படிதானே என்று விளக்கினார்கள். ஆடு மேய்க்கும் நம் ஊர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா!

இனி, நம்மை இந்த விஷயத்தில் பேச வைத்த காரணத்துக்கு வருகிறோம். நாம் ஓர் அடுக்கை ஏற்படுத்தாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது; வட்டி வந்து உட்காரும். மழை பொய்த்தவன், தறி நின்றவன், திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவன் இவர்களில் பெரும்பாலோர் வட்டி ஹராம் என்று தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தே போகிறார்கள், வேறு வாசல் இல்லாததால். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003இலேயே சட்டம் வந்தது. சட்டத்தையும் தாண்டி அது வாசலுக்கு வருகிறது. வாரத் தவணைக் குழுக்கடன் என்ற பெயரில் இப்போது நம் பெண்மணிகளின் கையெழுத்தைத் தேடியே வருகிறது. மிம்பரில் நின்று வட்டியின் பாவத்தைச் சொல்வது நம் கடமை. ஆனால் மூன்று மாதம் முன்பு அவரிடம், "நாலு குட்டி வாங்கி விடுங்கள், மகள் நகையில் கை வைக்காமல் ஒரு தொகை ஒதுக்குங்கள்" என்று சொல்லாத நாம், இன்று அவரை ஏசினால் மட்டும் போதுமா?

ஜமாஅத்துகளின் பங்கும் இதில் பெரியது. நபி (ஸல்) அவர்கள் மரணித்தபோது, முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அடகு உண்டு, வட்டி இல்லை. நகையை அடகாகப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாமல் கர்ழன் ஹஸனா கொடுக்கும் பைத்துல் மால் ஒன்று ஒவ்வொரு மஹல்லாவிலும் இருந்தால், வட்டிக்கடைக்குப் போகும் கால்களில் பாதி நம் பள்ளிவாசலுக்குத் திரும்பும். சிறு மஹல்லாக்கள் நான்கைந்து சேர்ந்து நடத்தலாம். எல்லோரும் ஒரே வருஷம் கடன் கேட்கும் வறட்சி வருமே என்பவர்களுக்கு: வெளியூரில் வியாபாரம் செய்கிற, வளைகுடாவில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளின் சந்தாவும் அதில் இருக்கட்டும். ரமதா ஆண்டு எனப்படும் ஹிஜ்ரி 18ஆம் வருஷப் பஞ்சத்தில் மதீனாவைக் காப்பாற்றியது மதீனாவின் தானியமல்ல. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கடிதம் எழுதி, ஷாமிலிருந்து வந்த தானியம்தான்.

இருப்பு வைப்பதையும் பதுக்குவதையும் சிலர் குழப்பிக் கொள்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு வருஷ உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. கேட்டு வந்தவர்களுக்கு அதிலிருந்தே எடுத்துக் கொடுத்து, வருஷம் முடியுமுன் அது தீர்ந்துவிடுமாம்! விலையேற்றத்துக்காக மக்களின் உணவை முடக்குவதுதான் சாபத்துக்குரிய இஹ்திகார். முடக்கத்தின் முதல் நாளில் கடையை வழித்து அள்ளிக்கொண்டு போனோமே, அதையும் முன்னேற்பாடு என்று சொல்லிக் கொள்ள வேண்டாம். 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய சுமார் 800 பயணிகளுக்குச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைச் சமைத்துப் போட்டார்கள். வீட்டில் இருப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கொடுக்கல் வாங்கல் எல்லாம் அவர் மனதில் அல்லது அவர் கைப்பேசியில். நாளை அவருக்கு மௌத் வந்தால்? குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து கடனை எழுதுவதைப் பற்றியது. எழுதுங்கள், சாட்சி வையுங்கள், ஒரு பெண் மறந்தால் மற்றவள் நினைவூட்ட இருவர், பயணத்தில் எழுத்தன் கிடைக்காவிட்டால் அடகுப் பொருள். இத்தனை அடுக்கை அல்லாஹ்வே அமைத்திருக்கும்போது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாருக்கு எவ்வளவு, யாரிடம் எவ்வளவு என்று எழுதி, பத்திரமும் குடும்ப அட்டையும் எந்தப் பெட்டியில் என்று குறித்து, அதை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிவித்து வைப்பது பெரிய பாரமல்ல. வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவு கழிப்பது தகாது என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. பணம் முழுவதையும் கைப்பேசியிலேயே வைக்காமல் சில நூறு ரூபாய்களை நோட்டாகவும் வையுங்கள். வெள்ள நாட்களில் பல இடங்களில் மின்சாரமும் தொடர்பும் அறுந்து, கையில் பணமிருந்தும் பால் வாங்க முடியாமல் நின்றார்கள்.

கடைசியாக மஹல்லா நிர்வாகிகளுக்கு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு முஃதா போருக்கு மூவாயிரம் பேரை அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஒரு தளபதியோடு நிறுத்தவில்லை. ஜைத் பின் ஹாரிஸா (ரலி) தலைவர். அவர் வீழ்ந்தால் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி). அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) என்றார்கள். அவருக்கும் பிறகு முஸ்லிம்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றும் சொன்னதாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். மூவரும் அதே வரிசையில் ஷஹீதானார்கள். படை சிதறவில்லை. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கொடியை ஏந்திப் படையை மீட்டுக் கொண்டு வந்தார்கள்.

நம் கிராமத்து மஹல்லாக்களில் பெண் மையித்தைக் குளிப்பாட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? பல ஊர்களில் ஒருவர், அவரும் வயதானவர். அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நாளில் ஒரு ஜனாஸா ஏற்பட்டால், கார் அனுப்பி அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் அழைத்து வரும்வரை மையித்து காத்திருக்கிறது. அந்நிய ஆண்கள் மட்டுமே உள்ள இடத்தில் பெண் மையித்துக்குத் தயம்மும் செய்விக்கும் சட்டம் பிக்ஹில் இருக்கிறது. அது காட்டுவழிப் பயணிகளுக்கான சட்டம். நூறு வீடுள்ள ஊர் அதை எதிர்பார்த்து இருக்கலாகாது. ஊருக்கு மூன்று பெண்களாவது முறையாகக் கற்றிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது முப்பது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். இமாம் விடுப்பில் போனால் ஜும்ஆ நடத்த ஒருவரும், மோதினாருக்கு மாற்றாக ஒருவரும், பைத்துல் மால் கணக்கைப் பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஆளும் யார் யார் என்று பெயர் எழுதிப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இந்த மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் இருந்து பேசினால் முடிகிற வேலை. பெண்களுக்கான பயிற்சியை, தற்போது குளிப்பாட்டி வருகிற அந்த மூத்த பெண்மணி உடல் தெம்போடு இருக்கும்போதே அவரைக் கொண்டே தொடங்கி விடுங்கள்.